நடுவழி திறந்து கிடக்கிறது

கால்பந்து, ஓடத் தெரிந்தவர்களின் விளையாட்டு என்று உலகம் முழுவதும் ஒரு தவறான நம்பிக்கை பரவிக் கிடக்கிறது. இதனால் விளைந்த கேடு கொஞ்சநஞ்சமல்ல. எத்தனையோ கழகங்கள் கலைந்துபோயிருக்கின்றன. நல்ல குடும்பத்துப் பிள்ளைகள் வாயில் நுரை தள்ள எல்லைக்கோட்டோரம் உட்கார்ந்திருப்பதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். உங்கள் கைப்பேசியில் ஆட்டம் ஓடிக்கொண்டிருப்பதைப் பார்த்ததால்தான் சொல்கிறேன், தம்பி. இல்லாவிட்டால் பஸ்ஸில் முன்பின் தெரியாதவர்களிடம் வலியப் பேசுகிற பழக்கம் எனக்கு இல்லை. கால்பந்து, நிற்கத் தெரிந்தவனின் விளையாட்டு. நடுக்களத்தில் ஒருவன் அசையாமல் நின்றுவிட்டால், எங்கே ஓட வேண்டும் என்பது மற்றவர்களுக்குத் தானாகவே விளங்கிவிடும்.

நீங்கள் ஏதோ சொல்ல வருகிறீர்கள். தெரியும். அதையேதான் எங்கள் ஊர் மில்டனும் சொன்னான். அவனுக்குச் சொன்ன பதிலை உங்களுக்கும் சொல்கிறேன், கொஞ்சம் பொறுங்கள். கடைசி நிறுத்தம் வரைக்கும்தானே? நல்லது. நானும் அங்கேதான் இறங்குகிறேன். சிலுவைத்துறை. கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். எங்கள் ஊர் ஆட்டக்காரர்களைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவர்கள் பெரிய கழகங்களுக்குப் போன பிறகுதான் பேப்பரில் பெயர் வரும், ஊர் பெயர் வராது.

என் பெயர் பிளாசிடஸ். ஊர்ப்புற நூலகராக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் நூலகத்தில் கால்பந்து பற்றி ஒரே ஒரு புத்தகம் இருந்தது. அதை என்னைத் தவிர யாரும் எடுத்துப் படித்ததில்லை. எடுக்க விட்டால்தானே என்று மில்டன் சொல்வான். அது அவன் கருத்து. ஊரில் ஒலிபெருக்கியில் எதைச் சொல்வதாக இருந்தாலும் நான்தான் சொல்ல வேண்டும். சாவு, தண்ணீர் வராத நாள், கடலில் காற்று அதிகம் என்கிற எச்சரிக்கை, எல்லாம் என் குரலில்தான் ஊருக்குப் போகும். கால்பந்து ஆட்டம் என்றால் முழு வர்ணனை. முப்பது வருடமாகச் சம்பளமில்லாமல் செய்கிறேன். மைக்கும் என்னுடையது, ஆம்ப்ளிஃபயரும் என்னுடையது. அதனால் என்னை யாராலும் நிறுத்த முடியவில்லை. அதாவது, நிறுத்த வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதில்லை.

வர்ணனை என்றால், பந்து இங்கே போகிறது அங்கே போகிறது என்று கத்துவது அல்ல. அதைத்தான் எல்லோரும் கண்ணால் பார்க்கிறார்களே. நான் ஆட்டத்தை ஆராய்வேன். யாரிடம் என்ன குறை, எந்தப் பக்கம் ஓட்டை, இன்னும் ஐந்து நிமிடத்தில் என்ன நடக்கப்போகிறது, எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்வேன். நல்ல தமிழில் சொல்வேன்.

சரி, போன சீசனுக்கு வருகிறேன். எனக்கு நடந்த அநியாயம் போன சீசனில்தான் நடந்தது.

எங்கள் கழகத்தின் கஷ்டத்தை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். எங்கள் நல்ல ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் ஆழ்கடல் தொழில் செய்கிறவர்கள். மீன்பிடித் தடைக்காலத்தில் படகுகள் எல்லாம் கரையில் கிடக்கும். ஆட்களும் கரையில் இருப்பார்கள். அந்த இரண்டு மாதம் எங்கள் அணியைப் பார்க்க வேண்டும். திருவிழாப் போட்டியில் யாரும் பக்கத்தில் வர முடியாது. நடுக்களத்தில் மூன்று பேர், மூன்று பேரும் ஒரே படகு. ஒருவனை ஒருவன் பார்க்காமலே பந்தைத் தள்ளுவார்கள். அந்த அழகைப் பார்த்துவிட்டுத்தான் ஒவ்வொரு வருடமும் கமிட்டி மாவட்ட லீக்கில் முதல் டிவிஷனுக்குப் பெயர் கொடுக்கும். லீக் எப்போது தொடங்கும்? தடைக்காலம் முடிந்த பிறகு. தடை முடிந்த அன்றைக்கே படகு போய்விடும். பெரிய கழகங்கள் நடுக்களம் சரியில்லை என்றால் வெளியூரிலிருந்து ஆள் எடுப்பார்கள். எங்கள் நடுக்களம் குஜராத் பக்கம் சுறா பிடித்துக்கொண்டிருந்தது.

மற்ற இடங்களைப் படிக்கிற பையன்களை வைத்து நிரப்பினோம். கரையில் மிஞ்சிய ஒரே நடுக்கள ஆட்டக்காரர் கிளீட்டஸ். கடலுக்குப் போனால் அவருக்கு வாந்தி. அதனால் ஐஸ் கம்பெனியில் ஐஸ் உடைக்கிறார். நல்ல தோள், நல்ல கால், ஆனால் இடதுபக்கம் திரும்பத் தெரியாது. திரும்பினால் பந்து போய்விடும்.

இந்த நிலைமையில் ஆறு கழகங்கள் உள்ள டிவிஷனில் நாங்கள் ஆறாவது. கடைசியில் இருப்பவர்கள் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்க வேண்டும். இறங்கினால் இறங்கட்டும் என்று நீங்கள் சொல்லலாம். எங்கள் ஊர்க் கமிட்டி அப்படிச் சொல்லவில்லை. அணி இறங்கினால் மைதானத்தைப் படகு பழுதுபார்க்கிற இடமாக விட்டுவிடுவது என்று கூட்டத்தில் முடிவு செய்துவிட்டார்கள். கடலோரத்தில் அவ்வளவு பெரிய இடம் வேறு இல்லை. ஐந்தாறு படகு ஏற்றலாம். மைதானம் போனால் கழகம் போனது மாதிரிதான். கடற்கரை மணலில் பழகி லீக் ஆட முடியுமா?

இதில் எல்லோரையும்விட அதிகமாகக் கலங்கியது டெல்பின். டெல்பின் என் தங்கை மகள். கான்வென்ட் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. விவரம் தெரிந்த ஆண்கள் எல்லாம் கடலுக்குப் போனதால் அணிக்குப் பயிற்சி கொடுக்க ஆளில்லாமல், அவள் பொறுப்பை ஏற்றுக்கொண்டாள். காலையில் அவள் பள்ளிப் பிள்ளைகளும் அந்த மைதானத்தில்தான் ஆடுகிறார்கள். அது போனால் அவர்களுக்குப் பந்து உதைக்க வேறு இடமில்லை. கெட்டிக்காரி. ஆனால் யோசனை கேட்கிற பழக்கம் கிடையாது.

யோசனைக்கு ஊரில் பஞ்சமில்லை. யூஜின் தேநீர்க் கடையில் தினமும் சாயங்காலம் நடுக்களத்தைப் பற்றித்தான் விவாதம். மில்டன் ஆட்டோ ஓட்டுகிறவன், ஆனால் பேச்சைக் கேட்டால் ஐரோப்பாவில் நான்கு கழகங்களுக்குப் பயிற்சி கொடுத்துவிட்டு வந்தவன் மாதிரி இருக்கும்.

"கிளீட்டஸ வச்சு என்ன செய்ய சாரே? திருவனந்தபுரத்துலேந்து ஒரு காலேஜ் பயலக் கொண்டு வரணும். நல்லா ஓடுத பய."

"யாரு கொண்டு வருவா? ஒன் ஆட்டோவுலயா?" என்றான் யூஜின், டீயை ஆற்றிக்கொண்டே.

"நீ பேசாத. நீ ரெண்டு ஃபார்வர்டையும் பின்னால எறக்கணும்னு சொன்னவன்."

"எறக்கினா என்னா? முன்னால நின்னு மட்டும் என்னத்தக் கிழிச்சாவ?"

இரண்டு பேரையும் கையமர்த்திவிட்டு நான் என் கோட்பாட்டைச் சொன்னேன். உங்களுக்கு முதலிலேயே சொன்னேனே, அதுதான். நடுக்களத்துக்கு வேண்டியது ஓடுகிறவன் அல்ல, நங்கூரம். கிளீட்டஸ் நடுவில் நிற்க வேண்டும். வெறுமனே நிற்க வேண்டும்.

மில்டன் டீ கிளாஸைக் கீழே வைத்தான். "நங்கூரத்தப் போட்டுக்கிட்டா வள்ளத்த ஓட்டச் சொல்லுதீங்க?"

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சிரிப்பு ஒரு வாதம் ஆகாது என்று நான் சொன்னேன். அதற்கும் சிரித்தார்கள். அதோடு விடவில்லை அவன். "சும்மா நிக்க ஆளுதான் வேணும்னா கோயில் கொடிமரத்தக் கொண்டு நடுவுல நட்டிருவோம். அதுக்கு முட்டிவலியும் வராது" என்றான். கிளீட்டஸ் அங்கேதான் பெஞ்சில் உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருந்தார். அவரும் சிரித்தார். கோட்பாடு அவருக்காகத்தானே சொல்லப்பட்டது.

இனி நான் சொல்வதைக் கவனமாகக் கேளுங்கள், ஏனென்றால் இதை ஊரில் ஒருவரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அந்த சீசனில் என் கணிப்பு ஒன்றுகூடத் தப்பவில்லை. முதல் உள்ளூர் ஆட்டத்தில் மைக்கில் சொன்னேன்: "அன்பர்களே, கிளீட்டசின் பலவீனம் இடதுபக்கம். அவரை இடதுபக்கம் திருப்பினால் பந்து எதிரணிக்குத்தான்." ஐந்து நிமிடம் ஆகவில்லை, தம்பி. எதிரணிக்காரர்கள் அவரை இடதுபக்கமாகவே திருப்பித் திருப்பிப் பந்தைப் பறித்தார்கள். அடுத்த ஆட்டத்தில் சொன்னேன்: "நமது கோல்காவலர் தரையோடு வரும் பந்துக்குத் தாமதமாகத்தான் குனிகிறார்." மூன்று கோலும் தரையோடு வந்தன. நான் சொல்லி வாய் மூடுவதற்குள் நடக்கும். சில சமயம் எனக்கே கொஞ்சம் பயமாக இருக்கும்.

வெளியூர்க்காரர்களுக்கு என் அருமை தெரிந்திருந்தது. ஆட்டத்துக்கு முன்னால் அவர்களுடைய மேனேஜர்கள் என்னைத் தேடி வந்து கைகொடுப்பார்கள். "சாரே, நல்லா சத்தமா சொல்லணும்" என்பார்கள். ஆற்றுமுக்கு கழகத்து மேனேஜர் கில்பர்ட், பெரிய கழகம் அது, சொந்த பஸ் உண்டு, மைதானத்தில் விளக்கு உண்டு, அவர் சீசன் தொடக்கத்திலேயே ஒரு பொட்டலம் ஏத்தங்காய் வற்றல், நீங்கள் நேந்திரங்காய் சிப்ஸ் என்பீர்கள், கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். உள்ளூரில் ஒரு டீ வாங்கித் தந்தவர் உண்டா?

நடுவில் ஒரு ஆட்டத்தில் டெல்பின் ரெஃபரியிடம் வாய்கொடுத்தாள். அவர் அவளை எங்கள் பெஞ்சை விட்டு எழுந்து போகச் சொல்லிவிட்டார். போய் நிற்க இடமில்லாமல் எதிரணி உட்காரும் கூரைக்குப் பின்னால் நின்றாள். நான் என் வர்ணனை மேடையிலிருந்து பார்த்தேன். அவள் ஆட்டத்தைப் பார்க்கவில்லை. எதிரணி மேனேஜரைப் பார்த்தாள். அவர் காதில் கைவைத்துக் கேட்டுவிட்டு, களத்தைப் பார்த்து ஏதோ கத்தினார். பிறகு அவள் குழாய் ஒலிபெருக்கியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் கையசைத்தேன். அவள் திருப்பி அசைக்கவில்லை. வளர்ந்த பிள்ளைகளுக்கு உறவுமுறை மறந்துபோகிறது.

அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிட்டாள்.

"மாமா, நீங்க சொல்லுதத எதிராளி கேக்காங்க."

"கேட்கட்டும் மக்ளே. அறிவுக்கு ஊர் எல்லை கிடையாது."

"இல்ல மாமா. நீங்க கிளீட்டசு எடதுபக்கம் திரும்பமாட்டான்னு சொல்லுதீங்க. அவங்க அவன எடதுபக்கம் திருப்புதாங்க."

"பார்த்தாயா? அவர்களாவது கேட்கிறார்கள். நான் சொன்னபோதே நீங்கள் அவருக்கு இடதுபக்கம் திரும்பக் கற்றுக்கொடுத்திருந்தால் இந்த நிலைமை வருமா?"

அவள் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். பிறகு, "ஆட்டம் நடக்கும்போது நம்ம ஆளுவளுக்க கொறையச் சொல்லாண்டாம் மாமா, நல்லத மட்டும் சொல்லுங்க" என்றாள். விமர்சகன் ஒருதலைப்பட்சமாக இருக்க முடியாது என்று விளக்கினேன். ஒரு மணி நேரமாவது விளக்கியிருப்பேன். போகும்போது அவள் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. என் விளக்கம் புரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

கண்டக்டர் வருகிறார், டிக்கெட்டை எடுத்து வையுங்கள். இந்த ஜன்னல் ஏறாது, விட்டுவிடுங்கள். இந்த பஸ்ஸில் எந்த ஜன்னலும் ஏறாது.

கடைசி ஆட்டம் எங்கள் மைதானத்தில். எதிரணி, ஆற்றுமுக்கு. ஜெயித்தால் நாங்கள் ஐந்தாவது இடத்துக்கு வருவோம், டிவிஷனில் இருப்போம். சமன் செய்தாலும் போதாது. முந்தின சாயங்காலம் டெல்பின் மறுபடி வந்தாள். கையில் மூடி போட்ட பாத்திரம். ஏத்தம்பழ அப்பம், சூடாக.

"மாமா, உங்கட்ட ஒரு யோசன கேக்கணும்."

அந்த சீசனிலேயே முதல்முறை. நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன்.

"நீங்க சொன்ன நங்கூரத்த நாளைக்கு வைக்கலாம்னு பாக்கேன். கிளீட்டசு நடுவுல நிக்கட்டும்."

எனக்குப் பேச்சு வரவில்லை. எனக்குப் பேச்சு வராமல் போனது அதுதான் முதல்தடவை என்று என் மனைவி இப்போதும் சொல்கிறாள்.

"ஆனா மாமா," என்று குரலைத் தாழ்த்தினாள், "இத யாருட்டயும் சொல்லாண்டாம். அவனுக்கு வலதுமுட்டி வீங்கிக் கெடக்கு. சும்மா பேருக்குத்தான் நிப்பான், ஓடமாட்டான். நடுவழி தெறந்து கெடக்கும். நாங்க ரெண்டு ஓரத்தையும் அடைச்சு நிப்போம். எல்லாரும் ஓரத்துலதான். கடவுளே, நடுவால மட்டும் அவங்க வந்திரக்கூடாது."

"என்னை நம்பு மக்ளே" என்றேன்.

"ஒங்கள நம்பித்தான் மாமா வந்தேன்" என்றாள். அந்த வார்த்தையை இன்றுவரைக்கும் மறக்க முடியவில்லை.

நான் சொன்னபடியே நடந்துகொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. மனைவியிடம் சொல்லவில்லை, தேநீர்க் கடையில் சொல்லவில்லை. மில்டன் கிளீட்டசின் முட்டியைப் பற்றிக் கேட்டபோதுகூட, எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிட்டு வந்தேன். மைக்கில்தான் சொன்னேன். அது வேறு. அது விமர்சகனின் கடமை.

ஆட்டம் தொடங்கியதும் கிளீட்டஸ் நடுவில் போய் நின்றார். காலை லேசாக இழுத்து இழுத்து நடந்தார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. முப்பது வருடக் கோட்பாடு கண்முன்னால் நிற்கிறது. "அன்பர்களே," என்று ஆரம்பித்தேன், "இன்று நீங்கள் காண்பது நங்கூர முறை. ஆனால் ஒரு சிறு சங்கடம் இருக்கிறது. கிளீட்டசின் வலதுமுட்டி வீங்கியிருக்கிறது. அவர் திரும்ப முடியாது. நமது அணியினர் இரண்டு ஓரங்களையும் அடைத்து நிற்கிறார்கள். நடுவழி திறந்து கிடக்கிறது. மீண்டும் சொல்கிறேன், நடுவழி திறந்து கிடக்கிறது."

கில்பர்ட் எழுந்தார். கையை வாயில் குவித்துக் கத்தினார். ஓரங்களில் ஓடிக்கொண்டிருந்த அவருடைய இரண்டு ஆட்டக்காரர்களும் உள்ளே வந்தார்கள். பந்து நடுவழியில் வந்தது. கிளீட்டஸ் இரண்டு எட்டு வைத்து அதைப் பிடுங்கினார். முட்டி வீங்கிய மனிதன் வைக்கிற எட்டு இல்லை அது. ஓரத்தில் நின்ற நான்கு பேரும் வலை இழுத்த மாதிரி நடுவில் கூடினார்கள். அவர்களிடமிருந்து பந்து காலியாகக் கிடந்த இடது ஓரத்துக்குப் போனது. அங்கே எங்கள் பையன் தனியாக ஓடினான்.

இப்படியே ஏழெட்டு முறை. ஆற்றுமுக்குக்காரர்கள் நடுவில் வருவார்கள், பறிகொடுப்பார்கள், திரும்பி ஓடுவார்கள். பாதி ஆட்டம் முடியும் முன்னால் நாங்கள் ஒரு கோல் போட்டுவிட்டோம். ஊரே ஆடியது. நான் ஒருவன் மட்டும் ஆடவில்லை. யோசித்துப் பாருங்கள். நான் மைக்கில் சொன்னதற்கும் களத்தில் நடப்பதற்கும் சம்பந்தமே இல்லை. முப்பது வருடத்தில் முதல்தடவையாக என் வாயிலிருந்து ஊர் முழுக்க ஒரு பொய் போயிருக்கிறது. கிளீட்டஸ் நிற்கவே இல்லை; நடுக்களம் முழுக்க ஓடினார். நங்கூரமாவது ஒன்றாவது.

இடைவேளை. வழக்கமாகப் பாட்டுப் போடுவேன். மில்டன் மேடைக்கு ஏறி வந்தான். அவன் மேடைக்கு வந்ததே கிடையாது.

"சாரே, தண்ணி குடிங்க. ஒரு நல்ல பாட்டாப் போடுங்க."

"மில்டன், வயரிலிருந்து கையை எடு."

"நாலு பாட்டுப் போடுங்க சாரே. தொண்ட பாவம்."

"உண்மை காத்துக்கொண்டிருக்கும்போது பாட்டா? நான் தவறான தகவல் கொடுத்திருக்கிறேன். திருத்த வேண்டியது என் பொறுப்பு."

"மைதானம் போயிரும் சாரே" என்றான். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். அவன் வயரைப் பிடித்து இழுக்கப் பார்த்தான். நான் மைக்கை மார்போடு அணைத்துக்கொண்டு மேடையின் மறுமுனைக்குப் போய்விட்டேன்.

"அன்பர்களே, ஒரு திருத்தம். எனக்குக் கொடுக்கப்பட்ட தகவல் பொய். கிளீட்டசின் முட்டி நன்றாக இருக்கிறது. நடுவழி அடைபட்டிருக்கிறது. உண்மையில் திறந்து கிடப்பவை இரண்டு ஓரங்களும்தான். கண் இருப்பவர்கள் பார்க்கலாம்."

மைதானம் முழுக்க ஒரு சத்தமில்லை. அப்படியொரு அமைதியை நான் சாவு அறிவிப்பிலும் கண்டதில்லை. மரியாதை என்று அப்போது நினைத்தேன். டெல்பின் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு புல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கிளீட்டஸ் வாயில் வைத்த ஆரஞ்சுச் சுளையை மெல்லாமல் நின்றார். யூஜின் கடையை அப்படியே போட்டுவிட்டு ஆட்டம் பார்க்க வந்தவன், சிலுவை போட்டுக்கொண்டான்.

கில்பர்ட் எழுந்து மேடையைப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த மரியாதை போய்விட்டிருந்தது. பிறகு சிரித்தார்.

"சாரே, ஒருக்கா ஏமாத்துனீங்க. ரெண்டாவது மட்டம் நடக்காது."

அவர் தன் ஆட்டக்காரர்களைக் கூட்டி வைத்துச் சொன்னது எனக்கு நன்றாகக் கேட்டது. "ஓரத்துக்குப் போகாதீங்கலே. அதுக்குத்தான் நம்மள இழுக்கான் கெழவன். நடுவ மறைக்கான்னா, நடுவுலதான் இப்ப ஓட்ட இருக்கு. நடுவாலயே போங்க."

கிழவன். ஏத்தங்காய் வற்றல் கொண்டுவந்த அதே வாய்.

இரண்டாம் பாதி முழுக்க நான் தொண்டை கட்டும்வரை சொன்னேன். ஓரம் திறந்து கிடக்கிறது, ஓரம் திறந்து கிடக்கிறது. நான் சொல்லச் சொல்ல அவர்கள் இன்னும் பிடிவாதமாக நடுவில் வந்து மோதினார்கள். இந்த நாட்டில் உண்மைக்கு என்ன மதிப்பு என்பதை அன்றைக்குத்தான் முழுதாகத் தெரிந்துகொண்டேன். கார்னரிலிருந்து வந்த பந்தைத் தலையால் முட்டி அவர்கள் ஒரு கோல் போட்டார்கள்; ஒன்றுக்கு ஒன்று, சமன். அந்தக் கொஞ்சநேரம் டெல்பின் எல்லைக்கோட்டில் கூண்டில் அடைத்த மாதிரி இப்படியும் அப்படியும் நடந்தாள். முடியப்போகிற நேரத்தில் கிளீட்டஸ் நடுவில் ஒரு பந்தைப் பிடுங்கி, இடதுபக்கம் திரும்பி, ஆமாம், இடதுபக்கம்தான் திரும்பினார், நான்தான் சொன்னேனே திரும்பத் தெரியாதென்று, ஓரத்துக்குத் தட்டிவிட்டார். அங்கிருந்து உள்ளே வந்த பந்து கோல். இரண்டுக்கு ஒன்று.

மைதானம் தப்பியது. ஊர் என்ன செய்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கிளீட்டசைத் தோளில் தூக்கிக்கொண்டு கோயில்வரைக்கும் போனார்கள். மில்டன் என்னையும் தூக்கப் பார்த்தான். நான் சம்மதிக்கவில்லை.

டெல்பின் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மாமா, மன்னிச்சிருங்க. இடவேளயில எனக்கு உசுரு போயிட்டு. ஆனா நீங்க அத மட்டும் சொல்லலண்ணா அவங்க ஓரத்துக்கு மாறியிருப்பாங்க. நீங்கதான் காப்பாத்துனீங்க."

"நான் உண்மையைச் சொன்னேன்" என்றேன்.

"அதத்தான் மாமா சொல்லுதேன்."

நான் கையை விடுவித்துக்கொண்டேன். நீங்களே சொல்லுங்கள். சொந்த மாமனிடம், அப்பம் கொண்டுவந்து, முகம் பார்த்துப் பொய் சொன்னவள். என் கோட்பாட்டை ஏற்றுக்கொண்டதாகச் சொல்லி என்னை ஏமாற்றியவள். திட்டம் மாறியிருந்தால் முறைப்படி வர்ணனையாளருக்குத் தெரிவிக்க வேண்டாமா? இதற்கு என்னதான் நோக்கம் இருந்திருக்க முடியும்? எவ்வளவோ யோசித்துவிட்டேன். என்மேல் உள்ள பொறாமை என்பதைத் தவிர வேறு ஒன்றும் தோன்றவில்லை. நங்கூர முறை வெற்றி பெற்றால் பெயர் எனக்கு வந்துவிடும் அல்லவா?

மூன்று மாதமாக அவளிடம் பேசவில்லை. அவள் வாராவாரம் அப்பம் கொடுத்தனுப்புகிறாள். சாப்பிடுகிறேன், அது வேறு. கழகத்து விழாவில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். எதற்கு என்று யாரும் சொல்லவில்லை. கூட்டத்தில் எல்லோரும் ரொம்பநேரம் கைதட்டினார்கள், சிலர் சிரித்துக்கொண்டே தட்டினார்கள். மில்டன் இப்போது ஆட்டம் முடிந்ததும் ஆம்ப்ளிஃபயரைத் தன் ஆட்டோவில் ஏற்றி வீடுவரைக்கும் கொண்டுவந்து தருகிறான். நங்கூரத்தைப் பற்றிச் சிரிப்பதையும் விட்டுவிட்டான்.

இன்றைக்குக் காலையில்தான் நாகர்கோவிலில் லீக் செயலாளரைப் பார்த்து முறையிட்டுவிட்டு வருகிறேன். சொந்தக் கழகத்தின்மேல் புகார் சொல்ல எனக்கு மட்டும் ஆசையா? கொள்கை என்று ஒன்று இருக்கிறதே. வர்ணனையாளருக்குப் பொய்த் தகவல் கொடுப்பது குற்றம் என்று விதியில் சேர்க்க வேண்டும் என்றேன். அவர் முழுவதையும் கேட்டார். நடுவில் இரண்டு முறை எழுந்து வெளியே போய், கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார். வந்து, அப்படியொரு விதி இல்லை என்றார். பிறகு, வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு யார் வர்ணனை என்று கேட்டார். நான்தான் என்றேன். தவறாமல் வந்துவிடுகிறேன் என்றார்.

அதோ, கோபுரம் தெரிகிறது பாருங்கள். அதற்கு இந்தப் பக்கம் பச்சையாகத் தெரிகிறதே, அதுதான் மைதானம். புது சீசன் தொடங்கிவிட்டது. எங்கள் நடுக்களம் வழக்கம்போலக் கடலில் இருக்கிறது.

கமிட்டியில் எனக்குப் புதிதாக ஒரு குழாய் ஒலிபெருக்கி வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். பழைய இரண்டும் ஜனங்கள் உட்காரும் பக்கம் பார்த்து இருக்கின்றன, இது மூன்றாவது. நேற்று மில்டனும் கிளீட்டசும் ஏணி வைத்து ஏறி, வெளியூர் அணி உட்காரும் கூரைக்கு நேர் மேலே கட்டினார்கள். டெல்பின் கீழே நின்று, இன்னும் கொஞ்சம் தாழ்த்திக் கட்டச் சொன்னாள்.